மதகுத் திருகில் ஒரு பிழை

செத்துப்போனவர்களோடு சண்டை போடுவதில் ஒரு சௌகரியம் உண்டு. எதிர்த்துப் பேசமாட்டார்கள். இந்தச் சௌகரியத்தை முழுமையாக அனுபவிப்பதற்கென்றே ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் பழைய வரைபடக்காரர். ஓடுகிற தண்ணீரின் வேகத்தில் சக்கரம் சுற்றி மாவரைத்த நீராலைகள், புகைவிட்டுக்கொண்டு முனகிய முதல் நீராவி இயந்திரங்கள், நூல் நூற்கும் எந்திரங்கள் என்று எதையெதையோ அந்தக் காலத்து வரைவாளர் ஒருவர் கண்ணும் கையும் நோக மையால் வரைந்து வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்திருப்பார். நம்மவர் அதைத் தேடிப் பிடித்து வாங்கிவந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, லென்ஸை எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு குனிவார். ரசிக்கத்தான் குனிகிறார் என்றா நினைத்தீர்கள்? பிழை பிடிக்க.

ஆளை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். சட்டைப் பையில் மூன்று பென்சில் இருக்கும், மூன்றும் ஊசிபோலச் சீவியிருக்கும். பாலத்தில் நடந்தால் பாலத்தின் ஆணிகளை எண்ணுவார். எல்லாவற்றையும்விட, "இதுல ஒரு விஷயம் கவனிச்சீங்களா?" என்று கேட்பார். கவனித்தேன் என்று சொன்னால் அவர் முகம் வாடிவிடும். கவனிக்கவில்லை என்று சொன்னால் உங்கள் மதியம் போய்விடும். நான் இருமிப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தொடர்ந்தார்.

எனக்கு வாய்த்தவர் எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டுக்காரர். தெருவில் அவருக்குச் சக்கரத்தார் என்று பெயர். அவர் மனைவி தையல்காரர். என் சட்டைகளெல்லாம் அவர் கைவேலைதான். துணி வெட்டுவதற்கென்று அந்த அம்மாள் ஆசையாக ஒரு பெரிய மேஜை வாங்கிப் போட்டார். வாங்கிய மறுமாதமே அதன்மேல் ஒரு நீராலை வந்து உட்கார்ந்துகொண்டது. சட்டம் போட்ட வரைபடம் நடுவில். சுவரில் மாட்டினால் வெயில் படுமாம். சுற்றிலும் அளவுகோல்கள், குறிப்பேடுகள், அட்டையில் செய்த மதகு. அன்றிலிருந்து ஒன்பது வருடமாக அந்த அம்மாள் தரையில் துணியை விரித்து, முழங்காலில் ஊன்றி வெட்டுகிறார். எழுந்திருக்கும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்வார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். அடுத்தவர் வீட்டு விஷயம் என்று விழுங்கிக்கொள்வேன்.

அந்த வரைபடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டிருந்த கட்டிலிருந்து அவர் உருவியது. முப்பத்தாறு பலகைகள் கொண்ட பெரிய தண்ணீர்ச் சக்கரம், அதோடு இணைந்த பற்சக்கரங்கள், ஓர் ஓரத்தில் தண்ணீரைத் திறந்துவிடும் மதகு. மதகை ஏற்றி இறக்க ஒரு நீளத் திருகு. தலைப்பும் கையெழுத்தும் இருந்த கீழ்ப்பகுதியைக் கரையான் தின்றுவிட்டது. எழுத்தென்று மிஞ்சியது மூலையில் இரண்டு கோடாக நிற்கும் 11 என்ற எண் மட்டும்.

பிழை அந்தத் திருகில் இருக்கிறது. அதன் மரை எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து ஏறுகிறது.

"உலகத்துல எந்த பாட்டில் மூடியையும் இந்தப் பக்கம் திருகினா திறக்கும். இவன் திருகு மட்டும் இறுகும்" என்பார் சக்கரத்தார், காற்றில் திருகிக் காட்டியபடி. "தண்ணியைத் திறக்கப் போனவன் மூடிட்டு வருவான். சக்கரம் நின்னுடும். ஊரே மாவில்லாம உட்கார்ந்திருக்கும். எல்லாம் ஒருத்தனோட அசட்டையால."

அவருக்கே மரை கழன்றுவிட்டதென்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் அப்படியெல்லாம் சொல்லமாட்டேன். எழுத மட்டும்தான் செய்வேன்.

ஒன்பது வருடத்தில் ஏழு குறிப்பேடுகள் நிரம்பின. "மேஜை எப்போங்க கிடைக்கும்?" என்று மனைவி கேட்பார். "தப்பை நிரூபிச்சுட்டு அன்னிக்கே காலி பண்ணிடறேன்" என்பார் இவர். கடைசியில் அந்த நல்ல நாளும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை நூலக அரங்கில் சொற்பொழிவு. தலைப்பு, 'மதகுத் திருகில் ஒரு பிழை'. நூலக வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அந்த அம்மாள் அதைப் போய் இரண்டு தடவை படித்துவிட்டு வந்தார்.

அன்று காலை நான் என் கால்சட்டையை வாங்கப் போயிருந்தேன். சட்டத்தைக் கழற்றிக் கண்ணாடியின் உள்தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார் சக்கரத்தார். வரைபடத்தை அரங்குக்கு எடுத்துப்போக ஓர் உறை தைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார். அளவெடுக்க வந்த அம்மாள் குனிந்து பார்த்தார்.

"இது பேப்பர் இல்லையா? துணியா?"

"வரைபடத் துணி. கஞ்சி போட்டு மெழுகினது. தொடாதே."

அதற்குள் தொட்டுவிட்டார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓரத்தைப் பிடித்து, கடையில் துணி பார்ப்பதுபோலத் தேய்த்துப் பார்த்தார்.

"இதுல எது நல்ல பக்கம்?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"துணியில அப்படிக் கிடையாதுங்க. அடிப்பக்கம் மை விரல்ல தட்டுப்படுது. நீங்க பார்க்கிற பக்கம் வழவழன்னு இருக்கு, கோடு உள்ளேருந்து தெரியுது." நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். "ஒன்பது வருஷமா உள்பக்கத்தைத்தான் பார்த்துக்கிட்டிருக்கீங்க."

சொன்னதோடு நிற்காமல் திருப்பியும் போட்டுவிட்டார். படத்தில் ஓடிய ஆறு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போனது. முப்பத்திரண்டு பலகைகளோடு சக்கரமும் இடம் மாறிக்கொண்டது. மதகுத் திருகின் மரை, உலகத்து மூடிகளெல்லாம் ஏறுகிற பக்கமாகவே ஏறியது. மூலையிலிருந்த 11 மட்டும் 11 ஆகவே இருந்தது. பாவி, அது ஒரு 12 ஆக இருந்திருந்தால் அந்த அம்மாளின் முழங்கால் தப்பித்திருக்கும்.

சக்கரத்தார் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்தார். திறந்தார், மூடினார், வரைபடத்தைப் பார்த்தார். மறுபடி திறந்தார், மூடினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"சட்டம் போட்டவன் தப்புப் பண்ணிட்டான்" என்றார் கடைசியில்.

"அவர் கேட்டாருங்க, எந்தப் பக்கம் சார் வெளியேன்னு. பளபளப்பா இருக்கிற பக்கம்னு நீங்கதான் சொன்னீங்க. நான் பக்கத்துல நின்னேனே."

"இப்போ அங்கே போய் நான் என்ன பேசறது?"

"தப்பில்லைன்னு பேசுங்க. வரைஞ்ச மனுஷனும் பாவம், ஒன்பது வருஷமா உங்ககிட்ட திட்டு வாங்கறார்."

பேசினாரா? பேசினார். முன்வரிசையில் உட்கார்ந்து நானே கேட்டேன். தலைப்பு மட்டும் 'சட்டக் கடைகளால் பழைய வரைபடங்களுக்கு நேரும் ஆபத்து' என்று மாறியிருந்தது. ஒரு மணி நேரம் பத்து நிமிடம். செத்தவர் தப்பித்தார், உயிரோடு இருந்த சட்டக் கடைக்காரர் மாட்டிக்கொண்டார். ஒரு கண்டுபிடிப்பு எப்படி நிகழ்கிறது என்பதையும் விளக்கினார்: "துணியை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன், புரிந்துவிட்டது." வந்திருந்த பதினான்கு பேரும் கை தட்டினார்கள். விரல் யாருடையது என்று எழுந்து கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் கால்சட்டை இன்னும் கைக்கு வரவில்லை.

நாங்கள் திரும்பியபோது மேஜை காலியாக இருந்தது. அந்த அம்மாள் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஏழு குறிப்பேடுகளும் அட்டை மதகும் ஒரு பெட்டிக்குள் போய், பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. மேஜை முழுக்க நீலத் துணியை விரித்து, நின்றபடி வெட்டிக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு உயரம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது.

சக்கரத்தார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜையை ஒரு சுற்றுச் சுற்றினார். பையிலிருந்து ஒரு பென்சிலை உருவினார்.

"இதுல ஒரு விஷயம் கவனிச்சியா? சட்டைக் கைக்கு வெச்ச அளவுத் தாளை முதல்ல ஒரு பக்கமா வெச்சு வெட்டினே. இப்போ திருப்பிப் போட்டிருக்கே. தப்பு."

அந்த அம்மாள் கத்தரியை நிறுத்தவில்லை.

"மனுஷனுக்கு ரெண்டு கைங்க."

உங்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சக்கரத்துக்கு முதலில் முப்பத்தாறு பலகை என்று எழுதினேன். பிறகு ஓரிடத்தில் முப்பத்திரண்டு என்று எழுதியிருக்கிறேன். படிக்கும்போதே அதைப் பிடித்து, 'பாவம், இந்த ஆளுக்கு எண்ணத் தெரியவில்லை' என்று என்மேல் இரக்கப்பட்டீர்களா? சக்கரத்தாருக்குப் பக்கத்து நாற்காலி உங்களுடையது. கவனிக்காமல் விட்டுவிட்டு, இதோ இப்போது மேலே போய்ச் சரிபார்க்கப் போகிறவர்களும் வந்து உட்காரலாம். லென்ஸும் பென்சிலும் அவரே கொடுப்பார். மேஜை மட்டும் கிடைக்காது.