நேரம் தப்பி ஊதிய சைரன்

யோசிக்காமல் செய்த தவறுக்கு ஒரு வசதி உண்டு. "யோசிக்கவில்லை, மன்னித்துவிடுங்கள்" என்று சொல்லி நழுவிவிடலாம். தீர யோசித்து, நாலு பேரைக் கலந்து, பின்விளைவுகளை எடைபோட்டுச் செய்த தவறுக்கு அந்த வசதி கிடையாது. என் வாழ்க்கையின் தவறுகள் பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. அவற்றில் தலைசிறந்தது கொரோனா ஊரடங்கின் முதல் கோடையில் நிகழ்ந்தது.

அப்போது நான் தங்கவயலில் ஒரு சிறிய சமுதாய வானொலி நிலையத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். (பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். மைக்கின் முன்னால் நான், பொத்தான்களின் முன்னால் பங்காருபேட்டையிலிருந்து பாஸ் காட்டி ஸ்கூட்டரில் வரும் ரெஜினா, நிலையம் அவ்வளவுதான்.) சமூகப்பணியில் பட்ட மேற்படிப்பு முடித்த சூடு ஆறாத காலம். 'விழிப்புணர்வு' என்ற சொல்லை உச்சரிக்காமல் என்னால் ஒரு டம்ளர் காபிகூடக் கேட்க முடியாது.

என் தீவிரத்துக்குக் காரணம் வீட்டிலேயே இருந்தது. அப்பா. சுரங்கத் தூசி அவருடைய நுரையீரலில் பாதியை எடுத்துக்கொண்டது. மீதியை வைத்துக்கொண்டுதான் அவர் சிரித்தார், சண்டை போட்டார், ஆலயத்தில் பாட்டும் பாடினார். "இவருக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் தாங்காது" என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அப்பாவை வாசற்படி தாண்டவிடவில்லை. எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் இப்படிப்பட்ட நெஞ்சோடு இருக்கிறார்கள். அத்தனை பேரையும் வீட்டுக்குள் வைத்திருப்பது என் பொறுப்பு என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

முதல் வேலையாக, நிலையத்தின் உயிர்நாடியாக இருந்த பிறந்தநாள் வாழ்த்துகளையும், 'இன்னாருக்கு இன்னார் சொல்வது' வகைச் செய்திகளையும் நிறுத்தினேன். நெருக்கடி நேரத்தில் தனிநபர் விஷயங்கள் ஒலிபரப்பின் மாண்பைக் குறைக்கும் என்பது என் கொள்கை. ("மாண்புன்னா இன்னாக்கா?" என்று ரெஜினா கேட்டாள். விளக்கினேன். "ஓ, போர் அடிக்கிறதா" என்றாள்.) அடுத்ததாக, ரேடியோ இல்லாத வீடுகளுக்காக, தேவாலயக் கோபுரத்திலும் மாரியம்மன் கோயிலிலும் மசூதியிலும் இருந்த ஒலிபெருக்கிகளில் எங்கள் சுகாதார அறிக்கையை அஞ்சல் செய்ய மூன்று கமிட்டிகளிடமும் சம்மதம் வாங்கினேன். எந்தப் பூஜைக்கும் எந்தத் தொழுகைக்கும் இடையூறில்லாமல், அடுப்பில் உலை கொதிக்கும் வேளையையும் தவிர்த்து, பகல் பதினோரு மணியைத் தேர்ந்தெடுத்தேன். அந்த அளவுக்கு யோசனை.

ஒரே ஒரு சிக்கல். பதினோரு மணி ஆகிவிட்டது என்பது யாருக்கும் தெரியவில்லை. மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் ரயிலை வைத்துத்தான் ஊரே எழுந்தது, குளித்தது, உறங்கியது. ரயில் நின்றதும் ஊரின் கடிகாரமும் நின்றுவிட்டது. மக்களைக் கூப்பிட ஓர் ஒலி வேண்டும். மணி அடித்தால் கோயிலா தேவாலயமா என்று கேள்வி வரும். பாட்டுப் போட்டால் எந்த மொழி என்று கேள்வி வரும். மதமும் மொழியும் கடந்த ஓர் ஒலி வேண்டும்.

சுரங்கத்தின் சைரன்!

சுரங்கம் மூடப்பட்டபோது எனக்கு மூன்று வயது. சைரனை நான் கேட்டதாக நினைவிருப்பதெல்லாம் என் சித்தியின் கல்யாண வீடியோவில்தான். பாஸ்டர், "இந்தத் திருமணத்துக்கு ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போது சொல்லலாம்" என்று நிறுத்த, அந்த இடைவெளியில் பகல் ஷிப்ட் சைரன் ஊரே அதிரும்படி ஊதும். வீடியோவில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். பாஸ்டரையும் சித்தியையும் வெட்டிவிட்டுச் சைரனை மட்டும் பிரித்தெடுத்தோம்.

"சவுண்டு எவ்ளோ வைக்கட்டும்க்கா?"

"மக்கள் எழுந்து உட்காரும் அளவுக்கு வை."

எழுந்து உட்காரவில்லை. எழுந்து ஓடினார்கள்.

அந்த ஊரில் பிறந்தும் எனக்குத் தெரியாதது இதுதான்: ஷிப்ட் நேரத்தில் ஊதினால் அது வெறும் சைரன். நேரம் தப்பி ஊதினால் கீழே விபத்து. பதினோரு மணி எந்த ஷிப்ட்டுக்கும் நேரம் இல்லை.

நான் மைக்கின் முன்னால், "வீட்டிலேயே இருங்கள், விலகியே இருங்கள்" என்று கனிவோடு தொடங்கியபோது, எங்கள் மாடி ஜன்னலுக்குக் கீழே, நிலையம் இருந்த பாலகாட் பகுதி முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. பனியனோடு ஆண்கள், மாவுக் கையோடு பெண்கள், பாதி சவரத்தோடு ஒருவர். எல்லோரும் எதிரே, சுரங்கத்துக்குள் இறங்கும் பழைய ஷாஃப்ட்டின் வாசலை நோக்கி. சுரங்கம் மூடிக் கிடப்பது அவர்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் பழைய இரும்புக்காகத் திருட்டுத்தனமாக உள்ளே இறங்குகிறவர்கள் உண்டு; வேலையில்லாத அந்த நாள்களில் எந்த வீட்டுப் பிள்ளை இறங்கியிருக்குமோ என்று ஒவ்வொரு வீடும் பயந்தது. வாசலில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு, ஊரடங்கிலேயே மாபெரும் கூட்டம், என் செலவில்.

போன் அடித்தது. அம்மா.

"ஏய் பாப்பா, இன்னாடி ஊதி வச்சிருக்க? உங்கப்பா போயிட்டாரு!"

"எங்கேம்மா?"

"எங்கியா? பரண்மேலேர்ந்து பூட்ஸை எடுத்து மாட்டிக்கினு ஷாஃப்ட்டுக்குப் போயிட்டாரு! தடுத்தா, 'நான் ரெஸ்க்யூ டீமுடி'ங்கிறாரு!"

விழிப்புணர்வைப் பாதியில் விட்டேன். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கூட்டத்தின் முன்வரிசையில், ஷாஃப்ட் கேட்டைப் பிடித்தபடி, தோள்கள் ஏறி இறங்க மூச்சு வாங்கிக்கொண்டு அப்பா. முகக்கவசம் தாடையில். இருபுறமும் இருமுகிறவர்கள்.

மைக்கைப் பிடித்தேன். "அன்பார்ந்த நேயர்களே, ஒன்றும் நடக்கவில்லை. யாருக்கும் ஒன்றுமில்லை. தயவுசெய்து வீட்டுக்குப் போங்கள்."

மூன்று ஒலிபெருக்கிகளிலும் இது முழங்கியதுதான் தாமதம், கூட்டத்தில் ஒரு பெண் ஓவென்று அழ ஆரம்பித்தாள். பின்னர்தான் தெரிந்தது, அந்தக் காலத்தில் எந்த விபத்திலும் நிர்வாகம் முதலில் சொல்லும் வாக்கியமே அதுதான். நான் அதை எழுத்துப் பிசகாமல் சொல்லியிருக்கிறேன்.

"அப்பா!" என்று ஜன்னலிலிருந்து கத்தினேன். "நான்தான்ப்பா ஊதினேன்! ரேடியோ! வீட்டுக்குப் போங்க!"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்றவரிடம் அவர் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. "எம் பொண்ணுதான். அதுக்கும் மேலேர்ந்து எழுதிக் குடுத்துட்டாங்க போலக்கீது. பாவம், சின்னப் பொண்ணு."

இதற்குள் படியேறி வந்துவிட்டார் சப்-இன்ஸ்பெக்டர். "ஏனம்மா, லாக்டவுன் அந்த ஹேளி நீவே ஜாத்ரெ மாடிஸ்தீரா?" என்றார். ஊரடங்கு என்று சொல்லிவிட்டு நீங்களே திருவிழா நடத்துகிறீர்களா என்று. கூட்டம் கலையாவிட்டால் தடியடிதான் என்றார். கீழே தடியடி என்பது நுரையீரல் பாதியானவர்களை ஓடவிடுவது. ஐந்து நிமிடம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். "ஐது நிமிஷா" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எங்கள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். (அந்த நாற்காலி என்னுடையது. மீதி ஒலிபரப்பு நின்றுகொண்டே.)

அப்போது நேயர் போன் அடித்தது. ஒரு பெண். "இன்னாம்மா ரேடியோ, எங்க மாமியா அங்க நின்னு மாரடிச்சிக்கினு கீதாம். அது புள்ள சேகரு வீட்லதான் கீறாரு, கக்கூஸ்ல. கொஞ்சம் மைக்குல சொல்லிடேன்."

தனிநபர் செய்தி. அதிலும் கக்கூஸ். மாண்பை ஒரு கணம் நினைத்தேன்; ஜன்னலுக்கு வெளியே அப்பாவின் தோள்களையும் பார்த்தேன். மைக்கில் சொன்னேன்: "சேகர் வீட்டில் இருக்கிறார். கழிவறையில் நலமாக இருக்கிறார்."

கூட்டத்தில் ஓர் அம்மாள் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். "கழுதை" என்று சொல்லிவிட்டு, விடுவிடுவென்று வீட்டைப் பார்த்து நடந்தார். அன்று என் பேச்சுக்கு இணங்கி வீட்டுக்குப் போன முதல் மனிதர்.

பிறகு போன் ஓயவில்லை. ரெஜினா இரண்டு காதிலும் போனை வைத்துக்கொண்டு பெயர்களைக் கத்த, நான் மைக்கில் சொன்னேன். டேவிட், மொட்டை மாடியில் பட்டம் விடுகிறார். முனியம்மாவின் பிள்ளைகள் இருவரும் கட்டிலில், இன்னும் எழுந்திருக்கவில்லை. குமார், வீட்டில் இல்லை, ஆனால் எங்கே இருக்கிறார் என்பது அவர் மனைவிக்கு நன்றாகத் தெரியுமாம், வந்ததும் இருக்கிறதாம். ஒரு பெயருக்கு இரண்டு பேர், மூன்று பேர் எனக் கூட்டம் உதிர்ந்தது. சிரித்தபடி போனார்கள் சிலர். கண்ணைத் துடைத்துக்கொண்டு பலர். ஐந்து நிமிடம் எப்போதோ கடந்திருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஒரு போனை வாங்கித் தானே பெயர் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் வாசலில் ஒருவர்தான் நின்றார். எல்லோரும் மேலே வந்த பிறகே ரெஸ்க்யூ டீம் கிளம்பும்.

வேறு வழி தெரியவில்லை. "இறுதியாக ஒரு செய்தி" என்றேன். "ரெஸ்க்யூ துரைராஜ் அவர்களின் மகள் மேலேதான் இருக்கிறாள். நலமாக இருக்கிறாள். அவளுக்குப் புத்தி மட்டும் இன்னும் வரவில்லை. வந்ததும் அறிவிக்கப்படும். துரைராஜ் அவர்கள் வீட்டுக்குப் போகவும். அம்மா தேடுகிறார்."

அப்பா கேட்டிலிருந்து கையை எடுத்தார். ஜன்னலைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு, பூட்ஸைத் தேய்த்துத் தேய்த்து நடந்து போனார்.

அடுத்த இரண்டு வாரம் அவருடைய அறை வாசலிலேயே பாய் விரித்துப் படுத்தேன். அவர் ஒருமுறை இருமினால் நான் இருமுறை எழுந்தேன். ("தூங்குடி, இது பழைய இருமல்" என்பார் உள்ளேயிருந்து.) கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது என் திறமையால் அல்ல, அதிர்ஷ்டத்தால். இதை எந்தக் கூட்டத்திலும் மறைக்காமல் சொல்லி வருகிறேன். சைரனுக்கு விடை கொடுத்தோம். பதினோரு மணிக்குப் பெயர்களே வந்தன: தனிமை முடிந்து திரும்பியவர்கள், பெங்களூரில் சிக்கிக்கொண்டு நலமாக இருப்பவர்கள், சொல்லச் சொன்ன எல்லோரும். பெயர்களுக்கு நடுவே கை கழுவச் சொன்னால், மக்கள் அதையும் கேட்டார்கள்.

ஆனால் அப்பாவிடம் அன்றிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. 'ஒன்றுமில்லை' என்று யார் சொன்னாலும் நகரமாட்டார். பெயர் சொன்னால்தான் நகருவார். சென்ற ஆண்டு எனக்குப் பிரசவம். நர்ஸ் வெளியே வந்து, "ஒண்ணும் கவலை இல்ல, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க ஐயா" என்றிருக்கிறார்.

"பேரு?" என்றாராம் அப்பா.

"பேஷண்ட் பேரா?"

"அது தெரியும். இப்ப வெளிய வந்த புது ஆளு பேரு."

"இன்னும் வைக்கலையே மாமா" என்று என் கணவர் கெஞ்சியிருக்கிறார். "வீட்டுக்குப் போய் யோசிக்கலாம், வாங்க."

"பேர் படிக்காம எப்படிப்பா வீட்டுக்குப் போறது?" என்று அப்பா வராந்தா பெஞ்சில் இன்னும் அழுத்தமாக உட்கார, என் கணவர் திகிலோடு சுற்றுமுற்றும் பார்த்து, எதிரில் நின்ற நர்ஸின் சட்டையில் குத்தியிருந்த பெயரை உரக்கப் படித்துவிட்டார்.

எங்கள் மகள் பெயர் ஸ்டெல்லா. யார் நினைவாக வைத்தீர்கள் என்று கேட்கிறவர்களிடம், தம் பக்கத்தில் ஒரு பெரியம்மா என்று என் கணவர் மெல்லச் சொல்லிவிடுவார். அப்பா விடுவதில்லை. "எந்தப் பெரியம்மா? டூட்டி நர்ஸு!" என்று திருத்திவிட்டு, வந்தவர்களை உட்காரவைத்து, சைரனிலிருந்து ஆரம்பிப்பார்.