ஹாலந்து வால்வும் திருச்சுழி மாப்பிள்ளையும்

தூசி கருகும் வாசனை. போன வாரம் பழைய மேஜை விளக்கைத் துடைக்காமல் போட்டுவிட்டேன். பல்பின் மேல் படிந்திருந்த தூசி சூடேறிக் கருகியது. அவ்வளவுதான், எழுதிக்கொண்டிருந்த வரி அப்படியே நின்றது. அருப்புக்கோட்டை, தறி ஓடும் தெரு, எனக்கு இருபது வயது. ஒரு மரப்பெட்டியின் முன்னால் குப்புறக் கிடக்கிறேன். பெட்டிக்குள் வால்வு மெல்லச் சிவக்கிறது.

வால்வு என்றால் இன்றைய பிள்ளைகள் தண்ணீர்க் குழாயை நினைப்பார்கள். நான் சொல்வது அந்தக் கால ரேடியோவுக்குள் இருந்த கண்ணாடிக் குமிழ். கட்டைவிரல் பருமன். உள்ளே ஒரு சின்ன அடுப்பு. அது கனன்ற பிறகுதான் பாட்டு வரும். எழுபதுகளின் தொடக்கத்தில் ஊரே டிரான்சிஸ்டருக்கு மாறிக்கொண்டிருந்தது. ஊர் எறிந்ததை நான் பொறுக்கினேன். எங்கள் தெருவில் விசைத்தறிகள் ஓடும்போது சாமியே காதோரம் வந்து வரம் கேட்கச் சொன்னாலும் "என்னது?" என்றுதான் கத்த வேண்டும். ஆகவே மதுரைப் பழைய சாமான் கடையில் பட்டாளத்து ஹெட்போன் ஒன்றை வாங்கி, அதற்கென்றே வால்வு வைத்து ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டினேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஒப்பிட ஆரம்பித்தேன்.

ஹாலந்து வால்வு, இங்கிலாந்து வால்வு, நம் நாட்டு வால்வு. ஒவ்வொன்றையும் அப்பாவின் பருத்திக் கடைப் பஞ்சில் பொதிந்து அல்வா டப்பாவில் படுக்க வைத்திருந்தேன். (தொட்டிலில் கிடந்த பிள்ளைகளுக்குக்கூட அந்தத் தெருவில் அவ்வளவு மெத்தை கிடையாது.) என்னிடம் இருந்தது ஒரே ஒரு நாகஸ்வர இசைத்தட்டு. வால்வை மாற்றி மாற்றி அதையே கேட்பேன். ஹாலந்தில் கேட்டால் கருப்பட்டிக் காப்பி, இங்கிலாந்தில் கேட்டால் சீனிக் காப்பி என்று பிரசங்கம் செய்வேன். வடிவு அக்கா மட்டும் பொறுமையாக மாட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணு போலத்தாண்டா இருக்கு" என்பாள். செவியில் ரசனை இல்லாதவள் என்று அவளுக்காக வருந்தியிருக்கிறேன்.

அந்த அக்காவைப் பெண் பார்க்கத் திருச்சுழியிலிருந்து வந்தார்கள். அதற்கு முன் வந்த இரண்டு இடமும் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் அம்மா படுத்துவிடுவாள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளைக்கு விதைக்கடை, அதிகம் பேசாத ஆள். கூட அவருடைய அம்மா, தாய்மாமன். மீசைக்காரத் தாய்மாமன் தலையசைத்தால்தான் காரியம் நடக்கும். சம்பந்தம் முடிவாகாமல் கை நனைக்க மாட்டார்கள் என்பதால் சமையல் ஒரு பக்கம் கொதிக்க, பேச்சு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். "மாமாவப் பேச்சுக் குடுத்துப் பாத்துக்க. ஏடாகூடமா எதுவும் பண்ணிறாத."

நான் பேச்சுக் கொடுக்கவில்லை. ஹெட்போனைக் கொடுத்தேன்.

"மாமா, இது ஹாலந்து."

"எது?"

"உள்ள எரியுதுல்ல, அது."

கூடத்து மூலையில் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து, இரண்டு காதையும் மூடி, நாகஸ்வரத்தை முழுச் சத்தத்தில் விட்டேன். அவர் கண் மூடியது. தொடையில் தாளம் விழுந்தது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து, மத்தியானச் சாப்பாட்டுக்காகத் தெருவிலிருந்த தறிகள் எல்லாம் ஒருசேர நின்றன.

ஹெட்போன் மாட்டியவருக்குத் தன் குரல் கேட்காது என்பதை, இத்தனை வால்வு சேர்த்த நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. மாமா கண்ணைத் திறந்தார். எதிர்ச்சுவரோரம் இருந்த தன் தங்கையை, மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார். வாயருகே கையை மறைத்துக்கொண்டு, ரகசியமாக, ஏலம் விடும் குரலில் சொன்னார்:

"ஏ தங்கச்சி! பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா! தம்பிக்காரந்தான் ஒரு மாதிரி தெரியுறான்! அவனா வாழ வரப்போறான், விடு!"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா பதறிப்போய் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். மாமா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"நா ஏன் வாயத் தொறக்கேன்! நம்ம மாப்பிள்ளைக்கு ஒரு காது கேக்காதுங்குற பேச்சே வராது! தாலி ஏறட்டும், பெறகு பாத்துக்கிருவோம்!"

பிளக்கைப் பிடுங்கத் தோன்றாமல், கனன்றுகொண்டிருந்த வால்வையே பிடுங்கினேன். விரல் பொசுங்கியது. "அய்யோ" என்று உதறியதில் ஹாலந்து தரையில் விழுந்து தூளானது. மாமா ஹெட்போனைக் கழற்றி, கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, பாட்டு நின்னுபோச்சு?" என்றார்.

மாப்பிள்ளை எழுந்து அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "மொதல்லயே சொல்லிருவோம்னுதான் சொன்னேன். இவுக விடல."

அவருடைய அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "சின்னதுல கெணறு வெட்டுறப்பப் பாறைக்கு வச்ச தோட்டா வெடிச்ச சத்தம்ங்க. காதும் போச்சு, தண்ணியும் வரல."

அப்பா கும்பிட்டார். "தாக்கல் சொல்லி விடுறோம்." அந்த வார்த்தைக்கு எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான்: வேண்டாம். அவர்கள் கை நனைக்காமல் இறங்கினார்கள். அம்மா அழவில்லை, "அந்தப் பெட்டிய ஒடச்சு அடுப்புல வையி" என்று மட்டும் சொன்னாள்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது ரகசியம் சொல்லக் குனிந்தால், "மொதல்ல காதுல இருக்குறதக் கழட்டு" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். கூடம் சிரிக்கும். எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பவள் வடிவு அக்காதான். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. கொல்லைக் கதவோரம் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏலே, பஸ்ஸு கெளம்புறதுக்குள்ள ஓடு. அவுகளுக்கு எந்தக் காதுன்னு கேட்டுட்டு வா."

"எதுக்கு?"

"கட்டிக்கிடப் போறவ தெரிஞ்சுக்கிட வேணாமா? ரெண்டு வீட்டுக்கும் சேத்து ஒருத்தராவது உண்மையச் சொன்னாகள்ல. ஓடுடா."

பொசுங்கிய விரலை வாயில் வைத்தபடி வெயிலில் ஓடினேன். திருச்சுழி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் மாப்பிள்ளை; பக்கத்தில் இருந்த மாமா என்னைக் கண்டதும் மீசையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கக் கேட்டேன்.

"அக்கா கேட்டுட்டு வரச் சொல்லுச்சு. எந்தக் காதுங்க கேக்கும்?"

 மாப்பிள்ளை, அன்றைக்கு முதல் தடவையாக, முகம் முழுக்கச் சிரித்தார். பஸ் நகர்ந்தது. நான் கூடவே ஓட, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னார்:

"பாட்டுன்னா வலப்பக்கம் உக்காரச் சொல்லு, மாப்ள. சண்டைன்னா இடப்பக்கம்."