டைட்டஸ் வீட்டாரும் என் கைத் தடிப்பும்

சத்துவாச்சாரி,
12.2.1998

அன்புள்ள ஆம்பூர் அத்தைக்கு,

ஸ்தோத்திரம். மாமாவின் முழங்கால் வலிக்கு ஜெபிக்கிறோம். தைலமும் தடவச் சொல்லவும்.

நீங்கள் பார்த்த வரன் வீட்டார் ஞாயிறன்று வந்தபோது, “எனக்குக் காசநோய் இல்லை” என்று நான் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ்கள் எங்களுக்கு வெள்ளியன்று முன்கையில் சோதனை ஊசி போட்டார்கள். ஞாயிறு காலை அந்த இடம் சிவந்து தடித்துவிட்டது. அம்மா, “இந்தக் கையோட எப்டிடி காபி குடுப்பே?” என்று அலற, பக்கத்து வீட்டு அக்தரி பேகம் ஓடிவந்து, “பேஜார் ஆவாதீங்க, மறச்சிடலாம்” என்று முழங்கைவரை மருதாணி வைத்துவிட்டார். மாப்பிள்ளை டைட்டஸின் அம்மா ஜெயபுஷ்பம் உற்றுப் பார்த்து, “இன்னாம்மா, சபைப் பொண்ணு கையில மருதாணி? அதுவும் ஒரு கைக்குத்தானா, இன்னொண்ணுக்குத் தீந்துபோச்சா?” என்றார். அம்மா பதறி, “அய்யோ, அது டிபி ஊசிங்க, வீங்கிடுச்சி!” என்றுவிட்டார். எல்லா டம்ளரும் ஒரே நேரத்தில் தரைக்கு வந்தன. டைட்டஸ் மட்டும் மிச்சக் காபியைக் குடித்து முடித்தார். அத்தை, எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போய் இப்படி விளக்குங்கள்: டிபி கிருமி வெட்கங்கெட்டது. தன்னை விழுங்கிய வெள்ளணுவின் வயிற்றிலேயே குடித்தனம் நடத்தும். இரத்தத்தில் ரோந்து சுற்றும் எதிர்ப்புப் புரதங்களால் உள்ளே நுழைய முடியாது. ஆனால் வெள்ளணு, கிருமியின் துணுக்கொன்றை வெளியே தொங்கவிட்டுக் காட்டும். டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளணு அதை அடையாளம் கண்டு, ‘விழுங்கினால் போதுமா? செரித்துத் தொலை!’ என்று உசுப்பிவிடும். எங்கள் ஊரில் இந்தக் கிருமியைச் சந்திக்காதவர் குறைவு. எனக்கும் எப்போதோ பழக்கமாகியிருக்கிறது. ஊசியில் இருந்தது கிருமியல்ல, அதன் புரதம்தான். பழைய ஆள் என்று டி செல்கள் கூடிவிட்டன, அவ்வளவுதான் வீக்கம். எக்ஸ்ரேயும் சுத்தம். ஜெயபுஷ்பம் அம்மாளுக்குப் போட்டாலும் வீங்கலாம்; அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கர்த்தர் உங்கள் அனைவரையும் இருமலின்றிக் காப்பாராக.

அன்புடன்,
பெர்சிஸ்

பி.கு.: உறையை ஒட்டும்போது டைட்டஸே வந்தார். “கல்யாணத்துக்கு அம்மா சரின்ட்டாங்க. வார்டுல கிருமி ஜாஸ்தியாம், வேலைய மட்டும் விட்டுடுங்க.” “நீங்க இன்னா சொன்னீங்க?” என்றேன். “அம்மா சொன்னா சரிதானே” என்றார். வேலையை விடமாட்டேன் என்றேன். அத்தை, நீங்கள் அங்கே போக வேண்டாம். அவர் பஸ் ஏறிவிட்டார். நான் மதிய டியூட்டிக்குக் கிளம்புகிறேன்.