தியாகக் கிழிசல்

நகராட்சி அலுவலகத்தின் மொட்டை மாடியில் பறந்துகொண்டிருந்த தேசியக் கொடி கிழிந்திருந்தது. அதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்; எனவே யாரும் பார்க்கவில்லை.

அண்ணாந்து பார்க்க அவர்களுக்கு நேரமும் இல்லை. அந்த வருஷம் ஊரே நாட்டுப்பற்றில் மும்முரமாக இருந்தது. கார் மூக்கில் கொடி, செல்போன் முதுகில் கொடி, பல் டாக்டர் கடையில் துப்புகிற தொட்டிக்கு மேலே கொடி. அலுவலகத்தில் எல்லோரும் கொடி பேட்ஜ் குத்த வேண்டும் என்று ஆணையர் உத்தரவு போட்டிருந்தார். பேட்ஜின் அளவு பதவியைப் பொறுத்தது. ஆணையருடையது சாஸர் அளவு இருந்ததால் அவரால் குனிந்து கையெழுத்துப் போட முடியவில்லை. கோப்புகள் தேங்கின. முன்பும் தேங்கத்தான் செய்தன. ஆனால் இப்போது அதற்கு ஒரு கௌரவமான காரணம் இருந்தது.

தரைத்தளத்தில் மருத்துவ அறை. அங்கே இருந்த நர்ஸை ‘மிலிட்டரி அக்கா’ என்பார்கள். ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, எல்லையோரக் கூடாரத்தில் டார்ச் வெளிச்சத்தில் குண்டு எடுக்க உதவி, ஓய்வு பெற்று வந்தவர். போன வருஷம் நடந்த ‘வீரர்களுக்கு வணக்கம்’ விழாவுக்கு அவரைக் கூப்பிடவில்லை. “வீரர்னுதான் சார் உத்தரவுல இருக்கு, வீராங்கனைன்னு இல்லை” என்றார் தலைமை எழுத்தர். அவருக்குப் பதிலாக எதிர் நகைக்கடைக் காவலாளிக்கு மாலை போட்டார்கள். அவர் பட்டாளத்தில் இருந்ததில்லை. ஆனால் மீசை இருந்தது.

அக்காவிடம் வாரம் தவறாமல் கட்டுப் போட்டுக்கொள்ள ஒருவர் வருவார். ‘பட்டாளத்தார்’ என்பார்கள். கண்ணிவெடியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். செயற்கைக் கால் உரசி உரசி மிச்சமிருந்த இடம் புண்ணாகிவிடும். மருத்துவ அறைக்கு ஏறப் படிகள் உண்டு, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. ஒரு கம்பி வேண்டும் என்று அக்கா கேட்டார். “தங்கள் கோரிக்கை நெகிழ்ச்சியுடன் பரிசீலிக்கப்பட்டது” என்று பதில் வந்தது. நெகிழ்ச்சியைப் பிடித்துக்கொண்டு பட்டாளத்தார் ஏறிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை அவர் கடைசிப் படியில் மூச்சு வாங்க நின்றார். அண்ணாந்து பார்த்தார். கை பழக்கத்தில் நெற்றிக்குப் போனது. போன கை பாதியில் நின்றது.

“சிஸ்டர், அது கிழிஞ்சிருக்கே.”

“ரொம்ப நாளா கிழிஞ்சிருக்கு அண்ணே. ரெண்டு தடவை சொல்லிட்டேன்.”

“பாதி தொங்குதே, சிஸ்டர்” என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. கண்ணிவெடி வெடித்த அன்று நடந்ததைப் பற்றிக்கூட அவர் அந்தக் குரலில் பேசி அக்கா கேட்டதில்லை.

அக்காவுக்கு அந்தத் துணி வெறும் துணி இல்லை. அவர் அதை வீரர்களின் சவப்பெட்டிகள் மேல் விரித்தவர். விரிக்கும்போது சுருக்கம் விழாமல் நீவியவர். பட்டாளத்தாருக்குக் கட்டுப் போட்டு முடித்தார், கையைக் கழுவினார், மாடிக்குப் போனார். கொடியை மெதுவாக இறக்கி, மடித்து, இரண்டு கையாலும் ஏந்திவந்து ஆணையர் மேஜைமேல் வைத்தார்.

ஆணையர் பதறி எழுந்தார். பேட்ஜ் மேஜை விளிம்பில் இடித்தது.

“யார் உத்தரவுல இறக்கினீங்க?”

“கிழிஞ்சிருந்தது சார். கிழிஞ்ச கொடியைப் பறக்கவிடக் கூடாதுன்னு சட்டமே இருக்கு.”

ஆணையர் தலைமை எழுத்தரைப் பார்த்தார். தலைமை எழுத்தர் முப்பது வருஷ சர்வீஸில் எந்த முடிவும் எடுக்காமல் இந்த உயரத்துக்கு வந்தவர். தொண்டையைக் கனைத்தார்.

“சார், கிழிஞ்சிருந்ததுன்னு நாம ஒத்துக்கிட்டா, இத்தனை மாசம் கிழிஞ்ச கொடியைப் பறக்கவிட்டது நாம. அது குற்றம். கிழியலைன்னு வெச்சுக்கிட்டா, நல்ல கொடியை இறக்கினது சிஸ்டர். அது அவங்க குற்றம்.”

“ரெண்டாவது நல்லா இருக்கே” என்றார் ஆணையர்.

“சார், உங்க கண் முன்னாடிதானே இருக்கு!” அக்கா கொடியை விரித்துக் காட்டினார். கிழிசல் வழியாக ஆணையரின் முகம் முழுசாகத் தெரிந்தது.

“நான் எதையும் பார்க்கலை” என்றது முகம்.

அக்காவை அன்றே தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். விஷயம் வெளியே கசிந்தது. சாயங்காலத்துக்குள் கூட்டம் கூடிவிட்டது. பாதிப் பேர் “கொடியை இறக்கியவளைக் கைது செய்” என்றார்கள். மீதிப் பேர் “கிழிய விட்டவனைக் கைது செய்” என்றார்கள். இரண்டு பக்கமும் கொடி பிடித்திருந்ததால் யார் எந்தக் கட்சி என்று தெரியாமல் போலீஸ் திணறியது.

ஆணையர் ஜன்னல் திரைக்குப் பின்னால் வியர்த்தார். “ஏதாவது சொல்லுங்கய்யா!” என்று தலைமை எழுத்தரைப் பிடித்து உலுக்கினார். வாழ்க்கையில் முதல் முறையாகத் தலைமை எழுத்தருக்கு ஒரு யோசனை வந்தது. முதல் யோசனை என்பதால் அவருக்கே பயமாக இருந்தது.

ஆணையர் வாசலுக்கு வந்தார். ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“அன்பார்ந்த பொதுமக்களே! கொடி கிழியவில்லை. கிழிக்கப்பட்டது. நமது ராணுவ வீரர்கள் உடம்பில் பட்ட காயங்களை நினைவுகூரும் வகையில், இந்த நகராட்சி மிகுந்த பொருட்செறிவுடன் ஏற்படுத்திய கிழிசல் அது. சாதாரணக் கிழிசல் அல்ல, தியாகக் கிழிசல்!”

கூட்டம் ஒரு நிமிஷம் விழித்தது. பிறகு யாரோ ஒருவர் விம்மினார். அவ்வளவுதான், எல்லோருக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

அந்தக் கிழிந்த கொடியையே மறுபடி ஏற்றினார்கள், பேண்டு வாத்தியத்தோடு. அக்காவின் பணிநீக்கத்தை ரத்து செய்தார்கள்; அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஒரு ஆணையும் வந்தது.

மறுநாள் ஒரு துணிக்கடைக்காரர் தன் கொடியைக் கிழித்தார். அடுத்த கடைக்காரர் தன் கொடியை இரண்டு இடத்தில் கிழித்தார். வார முடிவில் ஊரில் முழுக் கொடி என்று ஒன்று இல்லை. கடைகளில் கிழித்தே விற்றார்கள். ஓரத்தில் நெருப்பு வைத்துக் கருக்கியது ‘போர்முனை ரகம்’, விலை கூடுதல். கல்யாண மாப்பிள்ளைகள் கிழிந்த பேட்ஜ் குத்தி மேடையேறினார்கள். யார் வீட்டுக் கொடி குறைவாகக் கிழிந்திருந்ததோ அந்த வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரோடு ஒத்து வாழ் என்பது அவர் கொள்கை; ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் அவர் திருப்பச் சொன்னதில்லை.

“நாமளும் ஓரத்துல லேசா ஒரு கீறு கீறிடலாமாம்மா?” என்றார்.

“கையை வெச்சுப் பாருங்க” என்றார் அக்கா.

அவர் வைக்கவில்லை.

செய்தி தலைநகருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து சுற்றறிக்கை வந்தது. கிழிந்த கொடி வைத்திருப்பது தண்டனைக்குரியது. தேசிய நாளுக்குள் எல்லாக் கொடிகளும் முழுசாக இருக்க வேண்டும். மேலிருந்து ஆய்வுக் குழு வரும்.

ஊர் வெலவெலத்துப் போனது. கடைக்கு ஓடினார்கள், இருந்த சரக்கெல்லாம் கிழித்த சரக்கு. தையல்காரர்களிடம் ஓடினார்கள். அவர்கள் உஷாரானவர்கள். “கொடியில ஊசி குத்தறது குற்றமா இல்லையான்னு யார் சொல்லுவா? நாளைக்கு எங்களைப் பிடிச்சு உள்ள போடறதுக்கா?” என்று இயந்திரத்தைத் துணி போட்டு மூடிவிட்டார்கள்.

தலைமை எழுத்தருக்கு இரண்டாவது யோசனை வந்தது. முதல் யோசனை கொடுத்த தைரியம்.

“சார், நம்ம சிஸ்டர் தையல் போடுவாங்க. அவங்க அரசு ஊழியர். அவங்க போட்டா அது அரசுத் தையல். அதுல குற்றமே வராது.”

“அவங்க ஆளுக்குத்தானேய்யா தையல் போடுவாங்க?”

“கொடிக்கும் காயம்னு நீங்களே மைக்ல சொல்லியிருக்கீங்க சார்.”

உத்தரவு போட்டார்கள். தேசிய நாளுக்கு முந்தின நாள் மருத்துவ அறை வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் வரிசை. துணிக்கடைக்காரர், பல் டாக்டர், நகைக்கடைக் காவலாளி, ‘கைது செய்’ என்று கத்திய இரண்டு கட்சிக்காரர்கள், எல்லோர் கையிலும் கிழிந்த கொடி. ஆணையர் மட்டும் வரிசையில் இல்லை. அவருடைய கொடி பின்வாசல் வழியாக வந்துவிட்டது. அக்கா உள்ளே தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொடியைப் பார்த்தபோது மட்டும் ஒவ்வொரு முறையும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அது பட்டாளத்தார் கட்டு மாற்றிக்கொள்ளும் நாள். புண் சீழ் வைத்திருந்தது. காய்ச்சல் வேறு. படியருகே வந்தார்.

“பெரியவரே, வரிசை அங்கேர்ந்து வருது” என்றார் துணிக்கடைக்காரர்.

“எனக்குத் தைக்க வேண்டியதில்லைங்க. கால்ல கட்டு மாத்தணும். நிக்க முடியலை.”

“எல்லாருக்கும்தான் கால் வலிக்குது. நாங்க நிக்கலையா? நாளைக்குத் தேசிய நாள். கால் உங்களோடது, கொடி நாட்டோடது. எது முதல்ல?”

பட்டாளத்தார் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“என் காலும் நாட்டோடதுதான் தம்பி” என்றார். “அங்கேயே விட்டுட்டு வந்திருக்கேன்.”

பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரோ கைதட்டினார்கள், தட்டல் தெருமுனை வரைக்கும் பரவியது. “மறுபடி ஒரு தடவை சொல்லுங்கய்யா, பதிவாகலை” என்று ஒருவர் போனை நீட்டினார். பட்டாளத்தார் மறுபடி சொன்னார். துணிக்கடைக்காரர் தேம்பி அழுதபடி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று மாலைக்குள் அந்தக் காட்சியை நாடே பார்த்துக் கலங்கியது.

வரிசையில் மட்டும் யாரும் அவருக்கு இடம் விடவில்லை.