சாமைக் கொல்லையில் நான் தலைவனாக இருந்த ஒன்றரை மணி நேரம்

எனக்குத் தலைமைப் பண்பு உண்டு. பெருமைக்காகச் சொல்லவில்லை. டாக்டரிடம் போய் ‘எனக்குச் சர்க்கரை உண்டு’ என்று சொல்கிற அதே குரலில்தான் சொல்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் வந்தது. உச்சத்துக்கு ஏறி ஒன்றரை மணி நேரம் நின்று, பிறகு இறங்கிவிட்டது. அதற்குள் கல்வராயன் மலையில் ஒரு குடும்பத்தின் சோற்றிலேயே கை வைத்துவிட்டேன்.

கள்ளக்குறிச்சியில் நான் படித்த அரசு மேல்நிலைப் பள்ளியில் மன்றங்களுக்குக் குறைச்சல் இல்லை. முதலில் தமிழ் மன்றம். பேச்சுப் போட்டி மேடையில் ‘அவையோர்க்கு வணக்கம்’ வரைக்கும் ஞாபகம் இருந்தது. அதற்குமேல் ஒன்றும் வராததால் நாலு தடவை வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினேன். அடுத்து அறிவியல் மன்றம். நான் செய்த எரிமலை வெடிக்கவில்லை, ஒழுகியது (தலைமையாசிரியர் செருப்பு வரைக்கும்). மிச்சம் இருந்தது சேவை மன்றம். சனிக்கிழமையில் துடைப்பம் பிடிக்க வேண்டும் என்பதால் அந்தத் தலைவர் பதவிக்கு வேறு யாரும் நிற்கவில்லை. போட்டியின்றித் தேர்வானேன்.

நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ், கழுத்தில் மாட்ட ஒரு விசில் கொடுத்தார்கள். விசில் வந்த நாளிலிருந்து வாயைத் திறந்து பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். வீட்டில் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாலும் ஊதினேன். “இன்னொரு தபா ஊதுன, அத்த புடுங்கி அடுப்புல போட்ருவேன்” என்றாள் அம்மா.

எங்கள் மன்றத்துக்குப் பொறுப்பு இயற்பியல் ஆசிரியர் ஆரோக்கியம் சார். தங்கமான மனிதர், பேசத்தான் ரொம்பப் பிடிக்கும். “சொன்னதைச் செய்யறவன் தொண்டன். சொல்லாததையும் செய்யறவன்தான்டா தலைவன்” என்று வாரா வாரம் சொல்வார். அவர் பாட்டுக்குச் சொன்னார். நான் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன். வினை அங்கேதான் ஆரம்பம்.

அந்த வருடம் சுதந்திர தினத்தை ஒட்டி மலைமேல் ஒரு சின்ன ஊரில் மூன்று நாள் சேவை முகாம். இருபத்து நாலு பையன்கள் வேனில் பாதி வாந்தியோடு மேலே ஏறிப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கினோம். சமைத்துப்போட ஒப்புக்கொண்டவர் அதே ஊர் அலமேலு அக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும். வாய் ஓயாத மனுஷி. முதல் நாளே எங்கள் எல்லோர் பேரையும் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டார். என்னை மட்டும் ‘விசிலு தம்பி’ என்றார்.

இரண்டாம் நாள் காலையில் சார் ஊர்த்தலைவரை அழைத்துவரக் கிளம்பினார். “மைதானத்தைப் பெருக்குங்க, பிளாஸ்டிக் எல்லாம் பொறுக்குங்க. நான் வர்ற வரைக்கும் பேசாம உக்காந்திருங்க.”

சொன்னது அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பேசாமல் உட்காருவது தொண்டன் வேலையாயிற்றே! தலைவன் சொல்லாத வேலையைத் தேடினான். பள்ளிக்குப் பின்பக்கம் அரை ஏக்கர் நிலத்தில் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று புல் மண்டிக் கிடந்தது.

என் குடும்பப் பின்னணியை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் களை எடுக்கும் பெண்கள் செட்டுக்கு என் அம்மாதான் தலைவி. நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் சொல்ல நான் நடக்கப் பழகும்போதே பழகியவன். எங்கள் பக்கம் பயிர் என்றால் வரிசையாக நிற்கும். வரிசையில் நிற்காத எல்லாம் களை. இது முளைத்த இடத்தில் இஷ்டத்துக்கு நின்றது. போதாக்குறைக்கு, எங்கள் வயலில் அம்மா பிடுங்கி வரப்பில் வீசுகிற புல் மாதிரியே இருந்தது.

என் நண்பன் மணி கொஞ்சம் யோசித்தான். “டேய் குமாரு, இது ஏதோ பயிராட்டம் கீதுடா.”

“உங்கப்பா டவுன்ல செல்போன் கடை வச்சிக்கினு கீறாரு. உனுக்கு இன்னா தெரியும் பயிரப் பத்தி?”

“சுத்தி வேலி போட்டு கீதே. புல்லுக்கு எதுக்குடா வேலி?”

“உள்ள கீற பாம்பு வெளிய வராம இருக்கடா!” என்றேன். (அந்தக் கணத்தில் எனக்கே அது ரொம்ப நியாயமாகப் பட்டது.)

விசில் ஊதினேன். பையன்களை இரண்டு அணியாகப் பிரித்தேன். எந்த அணி முதலில் எதிர்வேலியைத் தொடுகிறதோ அதற்கு மத்தியானம் முதல் பந்தி. முந்தின இரவு மழை பெய்து மண் இளகியிருந்ததால் பிடித்து இழுத்தால் வேரோடு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு வேலையை அந்த மன்றம் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. ஒன்றரை மணி நேரத்தில் பாதி நிலம் மொட்டை. பிடுங்கியதில் இரண்டு கட்டு எடுத்துப் பக்கத்தில் கட்டியிருந்த ஒரு மாட்டுக்குப் போட்டேன். வாயில்லா ஜீவனுக்கும் சேவை செய்தது போல ஆயிற்று.

அலமேலு அக்கா எங்களைச் சாப்பிடக் கூப்பிட வந்தார். வேலியோரம் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னா தம்பி பண்ணிக்கினு கீறீங்க?”

நான் பேட்ஜைச் சரிசெய்துகொண்டேன். “சும்மாதாங்க்கா. உங்க ஊருக்கு எங்களால ஆனது.”

“யாரு பண்ணச் சொன்னது?”

“யாரும் சொல்லலக்கா! நாங்களேதான்!” இதை எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்று நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. அதோடு விட்டேனா? “நன்றி எல்லாம் சொல்லாதீங்கக்கா” என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

அக்கா குனிந்து ஒரு கொத்தை எடுத்தார். வேரில் இருந்த மண்ணை விரலால் தடவினார். “இது சாமைப்பா. என் கொல்லை இது. வூட்டுல மூணு பேருக்கும் வருசம் பூரா இதான் சோறு” என்றார். அவ்வளவுதான், வரப்பில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

அய்யோ! அதுவரை பரீட்சையில், மேடையில் எத்தனையோ அவமானம் பட்டிருக்கிறேன். அதெல்லாம் என்னோடு போயிற்று. ஒருத்தர் வீட்டு உலையில் மண் போட்டது அதுதான் முதல் தடவை. செத்துவிடலாம் போல இருந்தது. இருபத்து நாலு பேரும் கையில் பயிரோடு நின்றோம். கீழே போடவும் பயம், வைத்திருக்கவும் பயம். மணி மட்டும் என் காதோரம், “பாம்பு வெளிய வந்துடுச்சி” என்றான்.

அந்த நேரம் பார்த்து சார் ஊர்த்தலைவரோடு வந்து சேர்ந்தார். ஊர்த்தலைவர் தோளில் எனக்குப் போர்த்துவதற்காக ஒரு துண்டு. சார் கொல்லையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எவன்டா சொன்னான் உனக்கு?” என்று கேட்டார். நீங்கதான் சார் என்று சொல்லவா முடியும்?

கடைசியில் வழி சொன்னதும் அக்காதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “வேர்ல மண்ணு கீது, நெலத்துல ஈரம் கீது. நட்டா பொழைக்கும். பொழைக்காமயும் போவும். மொதல்ல வந்து துன்னுங்க, துன்னாதான் குனிய முடியும்.”

இலையில் குருணை மாதிரி ஒரு சோறு வந்தது. “இதாம்ப்பா சாமை. நல்லா பாத்துக்குங்க. அடுத்த தபா அடையாளம் தெரியும்” என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லிப் பரிமாறினார். தொண்டையில் இறங்கவில்லை. ஆனால் ருசியாக இருந்தது என்பதையும் மறைக்கக்கூடாது; இரண்டாவது தடவையும் வாங்கினேன்.

நடவுக்கு ஆட்களை நிறுத்த விசிலை எடுத்தேன். அக்கா கை நீட்டினார். “மொதல்ல அத்த குடு.” கொடுத்தேன். அதை முந்தானையில் முடிந்துகொண்டார். என் தலைமைப் பதவி அத்தோடு காலி.

சாயங்காலம் வரை தூறலில் நட்டோம். எங்களுக்குத் தெரிந்தது நெல் நடவுதான். அதனால் கயிறு பிடித்து, சாண் இடைவெளி விட்டு, நேர்கோட்டில் சாமை நட்டோம். தூவி விதைக்கிற சாமையைக் கயிறு பிடித்து நடுகிற விநோதத்தைப் பார்க்க ஊரே வேலியோரம் கூடிவிட்டது. ஒருவர் சிரித்துச் சிரித்து இருமினார். அக்காவும் ஒரு கட்டத்தில் சிரித்துவிட்டார். மாட்டுக்குப் போட்ட இரண்டு கட்டு மட்டும் திரும்பி வரவில்லை. அந்த மாடும் அக்காவுடையதுதான். அன்றைக்கு மலையில் முழுச் சந்தோஷமாக இருந்த ஒரே ஜீவன் அதுதான்.

நான் வீடு வருவதற்குள் சேதி வந்துவிட்டிருந்தது. மணலூர்பேட்டையிலிருந்து மாமா போன் போட்டு, “களை எடுக்கிறவ புள்ள பயிர புடுங்கினானாமே, நெசமாம்மே?” என்று அம்மாவைக் கேட்டிருக்கிறார். அம்மா என்னை அடிக்கவில்லை. இரண்டு நாள் பேசவும் இல்லை. மூன்றாம் நாள், “அறுப்பு எப்பன்னு கேட்டு வச்சிக்க” என்றாள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவும் அவள் செட்டுப் பெண்கள் ஆறு பேரும் நானும் ஒரு மூட்டை அரிசியோடு மலை பஸ்ஸில் ஏறினோம். நட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் பிழைத்திருந்தது. மிச்சம் போனது போனதுதான். அரிசி மூட்டையை அக்கா வேண்டாம் என்றார். அம்மா, “நீ அழுதியாமே, அதுக்கு என்னால வேற இன்னா பண்ண முடியும்?” என்று சொல்லித் தானே தூக்கிக்கொண்டு போய் அவர் வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

அறுப்பில் நான் அரிவாளை எடுத்ததுமே அக்கா முன்னால் வந்து நின்றார். ஒரு கதிரை மெல்லத் தொட்டுக் காட்டி, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்: “தம்பி, இது பயிரு.”

எட்டுப் பெண்களும் சிரித்த சிரிப்பு மலையில் எங்கெங்கோ போய் முட்டியது. அக்கா சொன்னதை அம்மா பத்திரமாகப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் நான் எதைத் தொட்டாலும் அந்த வார்த்தைதான். கறிவேப்பிலைச் செடியிடம் போனால், ‘இது பயிரு’. கல்யாணப் பந்தலில் வாழைமரத்தில் சாய்ந்தால், ‘இது பயிரு’. கல்யாணமாகி ஒரே வாரத்தில் என் மனைவியும் கற்றுக்கொண்டாள். பரிசம் போட்ட அன்று அலமேலு அக்கா வந்து முழுக்கதையையும் நடித்தே காட்டியிருந்தாராம்.

போன வருடம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். அவ்வளவு சின்ன உயிரை நான் அதற்கு முன் தொட்டதே இல்லை. எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றேன். பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. இந்தத் தடவை சிரிப்பே இல்லாமல், மெதுவாகச் சொன்னாள்:

“பாத்துடா குமாரு. இது பயிரு.”