சுருதியின் சைக்கிள் சீட்டு மேலே வராதது குறித்து

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
மார்கழி 24, வியாழக்கிழமை.

அன்பு மகள் சுருதிக்கு அப்பா குணபாலன் ஆசிகளோடு எழுதிக்கொண்டது. இங்கு நான் சௌக்கியம். பெங்களூரில் உன் அண்ணன் வீட்டில் பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும் உன் அம்மாவும் சௌக்கியம். சைக்கிள்தான் சௌக்கியமில்லை. ஜெர்மனியில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

பொருள்: தங்கள் மலைச் சைக்கிளின் சீட்டு இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது குறித்து.

பார்வை: தங்கள் வாட்ஸ்அப் செய்தி, சென்ற ஞாயிறு: "விட்டுடுங்கப்பா. இனிமே நோண்டாதீங்க. அப்படியே யாருக்காச்சும் குடுத்துடுங்க."

சிரிக்காதே. முப்பத்தோரு வருஷம் கலெக்டர் ஆபீஸ் தபால் பிரிவில் இருந்தவனுக்குப் பார்வை போடாமல் கடிதம் எழுத வராது. இதையே வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய் என்பதால் தபாலில் அனுப்புகிறேன்.

விட்டுடுங்க என்று ஒரே வரியில் சொல்லிவிட்டாய், நடந்தது என்ன என்று முழுசாகக் கேட்டாயா? தீபம் முடிந்த மறுவாரம், ஹாலில் சும்மா நிற்கிறதே, ஒரு தடவை ஓட்டித்தான் பார்ப்போமே என்று நான் அதைக் கலெக்டர் ஆபீஸ் ரோடு வரைக்கும் எடுத்துக்கொண்டு போனேன். எதிரே ஒரு ஆட்டோ வந்தது. பெல் என்று நினைத்து இடது கைப்பக்கம் இருந்த குட்டி லீவரை அமுக்கினேன். பெல் அடிக்கவில்லை, நான் கீழே போனேன். சைக்கிள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, சீட்டும் நானும் மட்டும் லிஃப்டில் இறங்குவதுபோல இறங்கி, முட்டி இரண்டும் தாடைக்கு வந்துவிட்டன. ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, "என்னா பெரியவரே, வரவர குட்டையாயிக்கினே போறீங்க?" என்று கேட்டார். சீட்டை ஏற்றி இறக்கவே ஒரு லீவர் வைத்திருப்பான் என்று நான் கண்டேனா? எழுந்து நின்று திரும்ப அமுக்கினால் மேலே வரும் என்று நீ போனில் சொன்னாய். அமுக்கினேன். வரவில்லை. கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் சுப்பிரமணியிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "என்னா சார் இது, சலூன் சேரா?" என்றார். நான் விளக்கினேன். அவர் காதில் வாங்கவில்லை. "சீட்டுன்னா ஆடாம அசையாம இருக்கணும் சார்" என்று சொல்லி, சீட்டுக் கம்பி சைக்கிளுக்குள் இறங்குகிற இடத்தில் இருக்கும் ஸ்க்ரூவைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கி, "இனிமே அது எங்கயும் போவாது" என்று உத்தரவாதம் வேறு கொடுத்தார். அவர் சொன்னதுபோலவே அது எங்கேயும் போகவில்லை.

எதிர்வீட்டு அருணாதேவி விட்டாளா? "சார், எங்க வூட்டு கேட்டு கீலுக்கே தேங்கா எண்ணதான். ஜாஸ்தியா ஊத்துங்க, கம்மியா ஊத்துனா உள்ள எறங்காது" என்றாள். அரை டம்ளர் ஊற்றினேன். மார்கழி மாசத்தில் குளியலறை பாட்டிலில் இருக்கிற எண்ணெயே கட்டியாகிப்போய்க் குச்சி விட்டுக் குடைந்து எடுக்கிறோம், கம்பிக்குள் ஊற்றினது மட்டும் தண்ணியாகவா இருக்கும்? எனக்கு அது தோன்றவேயில்லை. சைக்கிளை விற்க நீ போட்ட விளம்பரத்தைப் பார்த்துக் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஆதவன் என்று ஒருவர் காலை எட்டு மணிக்கே வந்து நின்றார். சீட்டு உலக்கை மாதிரி இருந்தது. "கொஞ்சம் வெயில் ஏறட்டும் தம்பி, எண்ணெய் இளகினால் வந்துவிடும்" என்றேன். "சைக்கிளுக்கு வெயில் காட்டணுமா சார்? நாங்க மல்லாட்டையதான் வெயில்ல காய வைப்போம்" என்றார், வேர்க்கடலை பயிரிடுகிற அவர். இருந்தும் பதினோரு மணி வரைக்கும் காத்திருந்தார். மூன்று மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். நான்தான் பேசினேன். நல்ல மனுஷன், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நாலே நாலு தடவைதான் சொன்னார். கடைசியில் அவர் குனிந்து, "என்னா சார், தல பின்னுற வாசன அடிக்குது?" என்று மோந்து பார்த்த நேரம் பார்த்து நான் லீவரை அமுக்க, சீட்டு ஒரே ஒரு தடவை எகிறி அவர் மூக்கில் இடித்தது. இடித்துவிட்டுத் திரும்ப இறங்கி மாட்டிக்கொண்டது. அவர் அப்புறம் போனை எடுப்பதில்லை.

இவ்வளவு பட்ட பிறகுதான் நீ விட்டுடுங்க என்கிறாய். எப்படி விடுவது? நம் சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிறேன். ஆறு மணிக்குத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாகிவிடும். அதற்கப்புறம் இந்த வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. உன் அம்மா இருந்தபோது சண்டையாவது இருந்தது. பெங்களூருக்கு வாங்க வாங்க என்கிறார்கள், போனேன், பத்து நாள் இருந்தேன், அங்கே எல்லாருக்கும் வேலை இருக்கிறது, நான் மட்டும் வழியில் நின்றுகொண்டிருந்தேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்து, "அப்பா, கேமராவ கீழ காட்டுங்க, ஐயோ அந்த ஸ்க்ரூ இல்லப்பா, அதுக்குப் பக்கத்துல" என்று முக்கால் மணி நேரம் திட்டுவாய். என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சீட்டையே பார்த்துக்கொண்டிருப்பாய். பரவாயில்லை. மற்ற ஆறு நாளும் வீடு வெறிச்சென்று கிடக்கிறதும்மா.

ஆகவே, பழுதான பொருளை அடுத்தவர் தலையில் கட்டுவது நம் குடும்பத்தில் இல்லாத பழக்கம் என்பதால், சீட்டு சரியாகும்வரை சைக்கிளை யாருக்கும் கொடுப்பதற்கில்லை என்றும், ஞாயிறுதோறும் தங்கள் ஆய்வு தொடர வேண்டும் என்றும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. அருகன் அருளால் உனக்கு ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆ. குணபாலன்

பி.கு.: மேலே கண்டதில் ஒரு திருத்தம். சீட்டு மாட்டிக்கொண்டிருக்கவில்லை. அந்த ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தி எண்ணெயைத் துடைக்கச் சொன்னாயே, அன்றைக்கே சரியாகிவிட்டது. மறுநாள் அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். "மீட்டிங்ல இருக்கேன்பா. என்ன, சீட்டு இன்னும் வரலையா? ஞாயித்துக்கிழமை பாக்கலாம்" என்றாய். வரலம்மா என்று சொல்லிவிட்டேன். போன ஞாயிறு நீ அவ்வளவு நேரம் தேடினாயே, லீவர் ஒயரை நான்தான் கழற்றி வைத்திருந்தேன். இதைப் படித்ததாகக் காட்டிக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, எந்த ஸ்க்ரூ என்று முதலிலிருந்து கேள். ஸ்பேனரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.