நாற்பது கிலோமீட்டர் முன்னால்

கைப்பேசி வரைபடத்தின்படி சேதுமாதவன் அப்போது இங்கிலாந்தில், ரோமானியர் கட்டிய பழைய எல்லைச் சுவரோரம், செம்மறியாடுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். உண்மையில் அவர் குடியிருக்கும் வளைகுடா நகரத்தில், கராமா பகுதி ஓட்டல் ஒன்றில் நெய் ரோஸ்ட்டின் மறுமுனையை எட்டியிருந்தார்.

"வீட்ல அக்காவுக்குத் தெரிஞ்சா கொன்னுருவாங்கண்ணே," என்றான் ராஜிக். தெரு முழுக்கக் கடை, ஆஸ்பத்திரி என்று டீ கொண்டுபோய்க் கொடுப்பவன். காலடிகளை எண்ணும் சேதுமாதவனின் வாட்ச் அவன் கணுக்காலில் இருந்தது.

எல்லாம் டாக்டர் ஸ்ரீகாந்த் செய்த வேலை.

"நூத்தி முப்பத்தஞ்சு கிலோமீட்டர் சுவர். நீங்க இங்க நடந்தா போதும், ஃபோன்ல புள்ளி அங்க நகரும். சர்க்கரை இறங்கலைன்னா ஊசிதான். நானும் கூடவே நடக்கிறேன்."

ஊசிக்குப் பயந்து நடக்க ஒப்புக்கொண்டவர், இரண்டே நாளில் நடைக்குப் பயந்து ராஜிக்கைப் பிடித்தார்.

"பச்சைப் புள்ளி நீங்க, சிவப்பு டாக்டர். மனுஷன் நாப்பது கிலோமீட்டர் முன்னால போறார், வெக்கமா இல்ல?" என்றாள் மனைவி பிரபாவதி.

சேதுமாதவனுக்கு ரோஷம் வந்தது. "டேய் ராஜிக், இனிமே லிஃப்ட்ல ஏறாத. படியில போ."

பச்சை பாய்ந்தது. சிவப்பும் பாய்ந்தது.

"லீவுன்னு ரூம்ல படுக்காத. ரோலா பஜார் முழுக்கச் சுத்து."

அன்று முப்பது கிலோமீட்டர். டாக்டரும் முப்பது. இடைவெளி அதே நாற்பது.

"அந்த ஆளு தூங்குறதே இல்லையா?" சேதுமாதவனுக்கு டாக்டர்மீது பக்தியே வந்துவிட்டது. பிரபாவதிக்குக் கணவன்மீது. தினம் இரண்டு வடை, ஒரு மைசூர்பாகு என்று அனுமதித்தாள்.

சுவர் முடிந்தது. ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை முந்நூற்று இருபது.

"இவ்வளவு நடந்துமா? அப்ப கேஸ் சீரியஸ்." டாக்டர் ஊசியை எடுத்தார்.

"ஐயோ, நடந்தது நான் இல்ல சார்! டீ கொண்டுவர்ற ராஜிக்! வாட்ச் அவன் கால்ல!"

"அட பாவி மனுஷா!" என்று எழுந்தாள் பிரபாவதி.

டாக்டர் கையமர்த்தினார். "விடுங்க மேடம். நேர்மைங்கிறது எல்லாருக்கும் வராது. இத்தனை வேலைக்கு நடுவுல நான் நடந்து முடிக்கலையா?"

பிரபாவதி காதில் வாங்கவில்லை. கதவைத் திறந்தாள். வராந்தாவில் டீ ஃபிளாஸ்க்கோடு ராஜிக்.

"வாடா உள்ள. கால்ல இருக்கிற வாட்ச்சைக் கழட்டு!"

ராஜிக் மூவரையும் பார்த்தான். எல்லாம் வெளியே வந்துவிட்டதென்று நினைத்து, நிம்மதியாகக் குனிந்தான்.

"எந்தக் கால்லக்கா? ரைட்டு அண்ணனுது, லெஃப்ட்டு டாக்டருது."